என் பிள்ளைக்கு என் மாமனார் பெயர்

2014 மார்ச் 11, செவ்வாய்
தஞ்சாவூர்

இரண்டு புடவை எடுத்து வரச் சொல்லி இவரை ஊருக்கு அனுப்பினேன். ஒரு புடவையும் இந்த டைரியும் வந்திருக்கின்றன. "கைக்கு எது வந்துச்சோ எடுத்தேன், குமுதா" என்கிறார். இருபது வருஷம் குடித்தனம் செய்த மனுஷனுக்குப் புடவை இருக்கும் இடம் தெரியவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் நான் வைத்திருக்கும் டைரி மட்டும் தெரிந்திருக்கிறது. நன்றாகத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி மோட்டார் சைக்கிளில் வைத்தீஸ்வரன்கோயிலிலிருந்து சீர்காழிக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். தம்பி என்றால் என் மகன். வயது பத்தொன்பது, பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். பங்குனி பிறக்கப் போகிறது என்றால் எங்கள் பக்கம் ரோடெல்லாம் களம்தான். வண்டி ஏறி ஏறி உளுந்து உதிரட்டும் என்று போடுவார்கள். அந்த உளுந்தைத்தான் நானும் இட்லிக்கு அரைக்கிறேன், யாரைக் குற்றம் சொல்வது? அதில் வண்டி வழுக்கிவிட்டது. தலையில் அடி. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக இருந்ததாம். சீர்காழியில் பார்த்துவிட்டு இங்கே அனுப்பினார்கள். நேற்று விடியும்போது ஆபரேஷன் முடிந்தது. மண்டைக்குள் கட்டிய ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். மருந்து கொடுத்து மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள். வாயில் குழாய், மெஷின்தான் மூச்சு விடுகிறது.

எனக்கு டைரி எழுதும் பழக்கம் மாமா போட்டது. மாமா என்றால் என் மாமனார். சீர்காழி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தார். வருஷா வருஷம் பஸ் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் டைரியை, நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து எனக்குத்தான் கொடுத்தார். இரண்டு விதி சொன்னார். பத்து வருஷம் கழித்துப் படிக்கிறவளுக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டும், படிக்கிறவள் நீயேயானாலும் சரி. நாள் முடியும்போது யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவர் பெயரை எழுதிவிட வேண்டும். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது டைரியை நானே கடையில் வாங்குகிறேன். விதிகளை மாற்றவில்லை.

நன்றி: தம்பியை ரோட்டிலிருந்து தூக்கி வந்த கோழி வண்டிக்காரருக்கு. பெயர் சொல்லாமலே போய்விட்டார்.

மார்ச் 12, புதன்

தம்பியைப் பார்க்கக் காலை பதினொரு மணிக்கு ஒருமுறை, மாலை ஐந்துக்கு ஒருமுறை. ஒரு ஆள்தான் உள்ளே போகலாம், பத்து நிமிஷம். மற்ற நேரமெல்லாம் வெளி ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறேன். இவருடைய காக்கி யூனிஃபாரத்தைக் குழாயடியில் துவைத்துக் கைப்பிடிச் சுவரில் காயப்போட்டேன். கண்டக்டர் உத்தியோகம், லீவு சுலபமாகக் கிடைப்பதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் டூட்டி பார்த்துவிட்டு வருகிறார்.

தம்பியைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் பெயர் ஜெபசெல்வி. நாகர்கோவில் பக்கம். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கட்டில் நடக்கிறாள். பார்க்கிற எனக்கு மூச்சு வாங்குகிறது. கட்டிலில் மாட்டியிருந்த அட்டையைக் காட்டி, "என்னம்மா பேரு இது? உங்க பையன் பேர வாசிக்கவே எனக்கு ஒரு நாள் ஆச்சு. எங்க பக்கம் இப்படி ஒரு பேரு கேட்டதே இல்ல. எங்க, நீங்க ஒருதடவ சொல்லுங்க?" என்றாள்.

"நான் சொல்லக் கூடாது சிஸ்டர். அது என் மாமனார் பேரு."

"இந்தக் காலத்திலயாம்மா?"

"காலம் மாறிடுச்சு. நாக்கு மாறலையே."

சிரித்தாள். பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். பெயரைச் சொல்லாமல் அர்த்தம் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எங்கள் ஊர்க் கோயிலில் படியேறிப் போனால் நடு அடுக்கில் ஒரு சாமி இருக்கிறார். உலகமே வெள்ளத்தில் முழுகியபோது ஓடத்தில் ஏறி வந்து எங்கள் ஊரில்தான் ஒதுங்கினாராம். அவர் பெயர்தான். மாமாவைப் பெற்றவர்கள் கொள்ளிடத்துப் படுகையில் குடியிருந்தவர்கள். ஆற்றில் வெள்ளம் வந்து படுகையைச் சுற்றிக்கொண்ட நாளில் வலி எடுத்திருக்கிறது. ஓடத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வரும்போது பாதி ஆற்றிலேயே மாமா பிறந்துவிட்டார். ஓடக்காரர் தன் தலைத்துண்டை அவிழ்த்துப் பிள்ளையைச் சுற்றினாராம். வேறு பெயர் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. பேரன் பிறந்ததும் வழக்கப்படி அதே பெயரை வைத்தோம். பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொன்னது என் நாத்தனார். நான் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அன்றிலிருந்து எனக்கு அவன் தம்பிதான்.

"அப்போ வீட்ல வச்சு ஒருதடவகூட நீங்க பேர் சொல்லி..." என்று ஜெபசெல்வி ஆரம்பிப்பதற்குள் பத்து நிமிஷம் முடிந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று.

நன்றி: ஓடக்காரருக்கு. மாமா எப்போதோ சொல்லியிருக்க வேண்டும், இன்றைக்குத்தான் அவரை நினைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

என் மகள் தையல்நாயகி பிளஸ் டூ பரீட்சை எழுதுகிறாள். நாத்தனார் வீட்டில் விட்டிருக்கிறோம். போனில் "அண்ணன் முழிச்சிருச்சாம்மா?" என்றாள். "பரீட்சை எப்படி எழுதின?" என்றேன்.

நன்றி: நாத்தனாருக்கு.

மார்ச் 14, வெள்ளி

மயக்க மருந்தை நிறுத்திவிட்டார்கள். இனி அவனாகக் கண்ணைத் திறக்க வேண்டும். டாக்டர் வயதில் சின்னவர். பொறுமையாகச் சொன்னார்: "காது கேக்கும்மா. வர்றப்பல்லாம் கூப்பிட்டுப் பேசுங்க. பழகின குரல், பழகின பேரு, அதெல்லாம் உள்ள போய்ச் சேரும்."

"தம்பி, தம்பி" என்று கூப்பிட்டேன். "அம்மா வந்திருக்கேன் தம்பி." அசைவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த பெரியவர்தான், "என்னம்மா?" என்று திரும்பினார். அவர் வீட்டிலும் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது.

நன்றி: டாக்டருக்கு. கேட்காமலே நாற்காலி போடச் சொன்னார்.

மார்ச் 15, சனி

ஜெபசெல்வி தன் போனில் பிள்ளைப் பெயர் பார்க்கிறாள். பெயரைத் தட்டினால் அர்த்தம், எந்த மொழியிலிருந்து வந்தது, எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று எல்லாம் வருகிறது. இதய அடையாளம் போட்டு, பன்னிரண்டாயிரம் பேர், இருபதாயிரம் பேர் என்கிறது. நம் பிள்ளையின் பெயரையும் தட்டிப் பார்த்தாளாம்.

"இல்லன்னு வருதும்மா. ஒருத்தருக்குகூட இல்ல."

"எங்க ஊர்ல இருந்துச்சு சிஸ்டர். ஒரு காலத்துல தெருவுக்கு ஒருத்தர் இருந்திருப்பாங்க. இப்ப இவன் ஒருத்தன்தான் மிச்சம்."

சொல்லும்போது பெருமையாகத்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பெயரால் அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் புது வாத்தியார் வரும்போதெல்லாம் ஆஜர் பட்டியலில் அவன் பெயர் வந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்துவாராம். கூட்டாளிகள் பாதிப் பெயரைப் பிடித்துக்கொண்டு கிரிக்கெட் கேப்டன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது ஒன்றுதான் அவனுக்குச் சந்தோஷம். நான் அந்தப் பெயரையும் சொன்னதில்லை. டி.வி.யில் மேட்ச் ஓடினால் "நம்ம நீளமுடிக்காரர் அடிச்சிட்டாரா?" என்பேன். தையு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போன வருஷம் பதினெட்டு முடிந்ததும் கெஜட்டில் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்று நின்றான். தினேஷ் என்று வைத்துக்கொள்வானாம். தாத்தா பேருடா என்று இவர் சத்தம் போட்டார். தம்பி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "நீ சொல்லவே முடியாத பேர எனக்கு எதுக்கும்மா வச்சீங்க?" என்றான். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

அடுப்பில் பால் இல்லை.

நன்றி: ஜெபசெல்விக்கு. தம்பிக்கு முகம் துடைத்துத் தலை வாரிவிட்டிருந்தாள். கட்டுக்கு வெளியே எவ்வளவு முடி இருக்கிறதோ அவ்வளவுக்கு.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு வாரம் ஆகிவிட்டது. ஜெபசெல்வி சொன்னாள்: "பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. நாங்க அவன் பேரச் சொன்னா இடது கை வெரல் லேசா அசையுது. அம்மா சொன்னா இன்னும் நல்லா இருக்கும்லா?"

எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

நன்றி: டீக்கடைக்காரருக்கு, சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 17, திங்கள்

தொண்டை இன்னும் சரியாகவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

குழாயை எடுத்துவிட்டார்கள். அவனே மூச்சு விடுகிறான். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பத்து நிமிஷமும் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பு அவன் குறட்டை விட்டால் தலையணையால் அடிப்பேன். இன்றைக்கு ஒரு சின்னக் குறட்டை வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். ஸ்கேன் நன்றாக இருக்கிறது. இப்போது முழித்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் தள்ளிப்போகப் போக, எந்த அளவுக்குத் திரும்பி வருவான் என்பதும் குறையலாம். "சத்தமா, அழுத்திக் கூப்பிடுங்க" என்றார் மறுபடியும்.

ஆஸ்பத்திரி என்றாலே எனக்குப் பயம். மாமாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்றைக்கு இவர் டூட்டியில் இருந்தார். நான்தான் ஆட்டோவில் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் ஒரே கூட்டம், சீட்டு வாங்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டார். அதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நன்றி: குழாய் இல்லாத அந்த மூச்சுக்கு.

மார்ச் 19, புதன்

இவர் உள்ளே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஹால் வரைக்கும் கேட்டது. பஸ்ஸில் கத்திப் பழகிய குரல். விரல் அசைந்ததாம், அவ்வளவுதான்.

வெளியே வந்து சொன்னார்: "குமுதா, நான் மாசத்துல பாதி நாள் வீட்ல இல்லாதவன். அவன் உன் குரல்ல வளந்த பய. நீ கூப்பிடு."

"கூப்பிட்டுக்கிட்டுதானே இருக்கேன்."

"பேர் சொல்லி."

"ஏங்க, உங்களுக்குத் தெரியாதா? இத்தன வருஷமா இல்லாம இப்ப வந்து..."

"தெரியும். அதான் சொல்றேன்."

"உங்கப்பா பேரச் சொல்லி, அதனால வேற எதாவது ஆச்சுன்னா? யாரு பொறுப்பு?"

கேட்டபிறகுதான் அதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் டிபன் வாங்கி வருகிறேன் என்று போய்விட்டார். இரண்டு பொட்டலம் இட்லி வாங்கி வந்தார். இரண்டு பேரும் பிரிக்கவில்லை.

நன்றி: இன்றைக்கு யாருக்கும் இல்லை. மாமா மன்னிக்கட்டும்.

மார்ச் 20, வியாழன்

இவர் டூட்டிக்குப் போயிருக்கிறார். ஹாலில் வெயில் விழாத மூலை கிடைத்திருக்கிறது. எழுதிவிடுகிறேன். முந்தாநாள் எழுதியது பொய்.

கவுண்டரில் கூட்டம் இல்லை. எனக்கு முன்னால் ஒருவர்கூட இல்லை.

மாமாவை ஸ்ட்ரெச்சரில் என் பின்னால் படுக்கவைத்திருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர், "பேஷண்ட் பேரு?" என்றார். நான் நின்றேன். "என் மாமனார்" என்றேன். "பேரு சொல்லும்மா." "சீர்காழி பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர்" என்றேன். "உத்தியோகம் கேக்கல, பேரு." கோயிலில் நடு அடுக்குச் சாமி பெயர் என்றேன். அவருக்கு எங்கள் ஊர்க் கோயில் தெரிந்திருக்கவில்லை. எழுதியாவது காட்டுங்கள் என்று பேனாவை நீட்டினார். பத்து வருஷமாக டைரி எழுதியும் அந்தப் பெயரை மட்டும் எழுதியதில்லையே. கை வரவில்லை. பின்னால் மாமா முனகுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றேன்? ஐந்து நிமிஷமா, பத்து நிமிஷமா? கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி, கத்தினேன். ஒரே ஒரு தடவை. அந்த ஹாலே திரும்பிப் பார்த்தது.

மூன்றாம் நாள் அவர் இல்லை.

பெயரைச் சொன்னதால்தான் போனார் என்று இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தேன். பாவத்துக்குக் கை மேல் பலன் என்று நினைத்தேன். அதனால்தான் தம்பியின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. ஒருவரைச் சொல்லி அனுப்பியாயிற்று, இன்னொருவரையுமா?

இன்றைக்கு இந்த மூலையில் உட்கார்ந்து எழுதும்போது வேறு ஒன்று தெரிகிறது. அன்றைக்கு நான் செய்தது சொன்னது மட்டும் இல்லை. சொல்லாமல் நின்றதும்தான். வலியில் கிடந்த மனுஷனை வைத்துக்கொண்டு நின்றேன். இப்போதும் ஆறு நாளாக நின்றுகொண்டிருக்கிறேன்.

என் தொண்டைக்கு ஒன்றும் இல்லை.

நன்றி: மாமாவுக்கு. எனக்குக் கொடுத்த பத்து டைரிகளுக்கு.

மார்ச் 21, வெள்ளி

இவர் என் டைரியைப் படித்திருக்கிறார்.

காலையில் டூட்டி முடித்து வந்தவர், நான் குழாயடியில் இருந்தபோது பையிலிருந்து எடுத்திருக்கிறார். வந்து பார்க்கிறேன், பாயில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் ஈரத் துணியோடு நின்றேன்.

"வெக்கமா இல்ல? அடுத்தவங்க டைரிய..."

"உக்காரு" என்றார். "ஒண்ணு சொல்லணும். பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

உட்கார்ந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ அப்பா பேரச் சொன்னது எனக்கு அன்னிக்கே தெரியும். அன்னிக்கு ராத்திரி அப்பா நல்லாத்தான் பேசினாரு. டேய், குமுதா என் பேரச் சொன்னாடா, கணீர்னு சொன்னா, மைக்ல அனவுன்ஸ் பண்ண மாதிரின்னாரு. முப்பது வருஷம்டா, அந்த மைக்ல சிதம்பரம், மாயவரம், பூம்புகார்னு ஊர் பேரா சொல்லித் தீத்தேன், என் பேர யாரு சொன்னா? பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரு, வீட்ல அப்பா, உங்கம்மாவுக்கு ஏங்க. என்னைப் பெத்தவங்க போனதோட அந்தப் பேரு நின்னு போச்சுடா, இன்னிக்கு ஒரு புள்ள வாயத் தொறந்து கூப்பிட்டான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நெஞ்சு வலிக்குது சிரிக்காதீங்கன்னு நர்ஸு திட்டினாங்க."

கையில் இருந்த ஈரத் துணியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"டாக்டர்ட்டயும் கேட்டேன். வர்றப்பவே முக்கால்வாசி முடிஞ்சுபோச்சு, பத்து நிமிஷத்துல எதுவும் மாறியிருக்காதுன்னாரு. நீயா எதுவும் கெடுக்கல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீதான் கூட்டம், கூட்டம்னே சொல்லிக்கிட்டிருந்தியே. நீ பேரச் சொன்னத நான் தெரிஞ்சுக்கிட்டா கூசிப்போவன்னு விட்டுட்டேன். அதுக்காக அழுதுக்கிட்டிருக்கன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

ஈரத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன். ஹாலில் இருந்தவர்கள் எங்கள் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்கள். ஒன்றும் இல்லை, நல்ல சேதிதான் என்று இவர் எல்லோரையும் அனுப்பிவைத்தார்.

புடவை இருக்கும் இடம் இவருக்கு நன்றாகத் தெரியும். வேண்டுமென்றேதான் டைரியை எடுத்து வந்திருக்கிறார். எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும் என்று தெரிந்த மனுஷன்.

நன்றி: என் வீட்டுக்காரருக்கு. டைரியைப் படித்ததற்கான திட்டு தனியாக இருக்கிறது.

மார்ச் 22, சனி

பதினொரு மணிக்கு நான் உள்ளே போனேன். இவர் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெபசெல்வி திரையை இழுத்துவிட்டு, "நான் இருக்கணுமா, போகணுமா?" என்று கேட்டாள். இரு என்றேன்.

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. மாமாவை நினைத்துக்கொண்டேன். மைக்கில் பேசும்முன் அவர் தொண்டையைச் செருமிக்கொள்வார். நானும் செருமிக்கொண்டேன்.

"தோணியப்பா!"

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஜெபசெல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாதி ஆற்றில் தோணியில் பிறந்தவர் பெயர், எங்கள் சாமி பெயர், என் பிள்ளை பெயர். பத்தொன்பது வருஷமாகத் தொண்டையில் நின்றது ஒரே மூச்சில் வெளியே வந்தது. அதன்பிறகு நிறுத்த முடியவில்லை.

"தோணியப்பா, எழுந்திருடா. மணி ஏழாச்சு, பஸ் போயிடும். தோணியப்பா!"

தினமும் காலையில் அவனை எழுப்பச் சொல்வதுதான். பெயர் மட்டும் புதிது.

அவன் புருவம் சுருங்கியது. யாரோ தெரியாத ஆள் எழுப்புவதுபோல் ஒரு சலிப்பு முகத்தில் வந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். கண் திறந்தது. முதலில் பாதி, பிறகு முழுசாக. மேலே பார்த்தான், பிறகு குரல் வந்த பக்கம் திரும்பினான். என்னைப் பார்த்தான். என் விரலை அழுத்தினான்.

டாக்டர் ஓடி வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நல்லது, நல்லது என்றார். பெயரால்தான் முழித்தானா என்று கேட்டேன். "முழிக்கிற நேரம் வந்திருக்கும்மா. நீங்க கூப்பிட்டதும் உதவியிருக்கும். எது எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது" என்றார். எனக்கும் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

கதவுக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றார். எனக்குக் கேட்டது அவருக்கும் கேட்டிருக்கும். அந்த மாடி முழுக்கவே கேட்டிருக்கும்.

பெயரை எழுதியும் விட்டேன். இனிமேல் எனக்குத் தோணுவதையெல்லாம் தோணுகிறது என்றே எழுதலாம். அந்தச் சொல்லைக்கூட இருபது வருஷமாகத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன், அதில் பெயரின் பாதி இருக்கிறதே என்று.

நன்றி: எழுத இந்தப் பக்கத்தில் இடம் போதாது.

மார்ச் 23, ஞாயிறு

தையுவுக்குப் போன் செய்து, "தோணியப்பன் முழிச்சிட்டான்" என்றேன். "அம்மா, நீதான் பேசுறியா?" என்றாள்.

மார்ச் 28, வெள்ளி

நேற்று வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டினேன், ஆறு ஸ்பூன் சாப்பிட்டான். வலது கையில் இன்னும் வலு வரவில்லை. நடக்க இரண்டு மாசம் ஆகலாம் என்கிறார்கள், ஆகட்டும். இவர் தையுவை அழைத்து வர ஊருக்குப் போயிருக்கிறார். பரீட்சை முடிந்துவிட்டது.

ஜெபசெல்வி பிரசவ லீவில் போகிறாள். சொல்லிக்கொள்ள வார்டுக்கு வந்தாள். பெயர் முடிவு செய்துவிட்டாயா என்றேன். "இன்னும் இல்லம்மா. ஆனா அந்த போன்ல உள்ள இதயத்த எண்ணுறத விட்டுட்டேன். எம் புருஷன், எம் மாமியா, நான், எல்லாருக்கும் வாய் நெறயக் கூப்பிட வருமா, அத மட்டும் பாக்கப் போறேன்" என்றாள். அவள் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் தம்பி பேசினான். நாலு நாளாக "ம்", "தண்ணி" என்று மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. இன்றைக்குத்தான் முழு வாக்கியம். குழாய் இருந்த தொண்டை, கரகரவென்று வந்தது.

"அம்மா, என்னைப் பேர் சொல்லி யாரோ கூப்பிட்டாங்க."

"நான்தாண்டா."

"பொய்."

"எதுக்குப் பொய் சொல்றேன்? சிஸ்டரைக் கேளு."

கொஞ்ச நேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். களைத்துவிட்டான், தூங்கப் போகிறான் என்று போர்வையை இழுத்துவிட்டேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

"தோணியப்பா."

கண்ணை மூடிக்கொண்டான். உதட்டோரத்தில் சிரிப்பு, இன்னும் ஒரு பக்கம்தான் வருகிறது.

"நல்லாத்தாம்மா இருக்கு பேரு" என்றான்.

நன்றி: தோணியப்பனுக்கு. எந்தத் தோணியப்பன் என்று பத்து வருஷம் கழித்துப் படிக்கிறவளுக்குச் சந்தேகம் வந்தால், மூன்று பேருக்கும்தான்.